கூவுகல்

சத்தியம். சத்தியம். மூன்றாவது தடவையும் சத்தியம்.

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நான் கடிக்கிற முறுக்கெல்லாம் நமுத்துப் போகட்டும். நான் ஏறுகிற பஸ்ஸெல்லாம் பாதி வழியில் பஞ்சராகட்டும். மலை சாட்சி. மலையிலிருக்கிற சுனை சாட்சி. அந்தச் சுனையில் ஒற்றைத் தவளை ஒன்று இருக்கிறது, அதைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

இனி கேளுங்கள்.

"அம்மா, என் பயலுகளுக்குத் தன்னம்பிக்கையே இல்ல" என்றான் வடமலை.

மலைமேல் தன் குகை வாசலில் சள்ளையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சள்ளை" என்றாள்.

அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் பெரும்பாலும், தொல்லை என்று அர்த்தம் வருகிற அந்த ஒரு சொல்லில்தான் பதிலைத் தொடங்குவாள். அதனால் ஊரார் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

துறவியாவதற்கு முன்னால் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை பார்த்தவள். ஒரு ஆடி மாதம், ஒரே குடும்பத்துக்கு ஓர் ஆள் உயரத்துக்குப் புடவை விரித்துப் போட்டாள். கடைசியில் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா, "இதே புடவை வேற கலர்ல இருக்கா?" என்றாளாம். அவ்வளவுதான். கையிலிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டு நேராக நடந்து வந்து மலையேறியவள்தான். இன்னும் இறங்கவில்லை.

வடமலையைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். கடைப் பழக்கம் போகவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"வேற என்ன பாக்குறீங்க அண்ணாச்சி?"

வடமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சிரைக்க மலையேறி வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவன் கவலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவன் ஊர் புன்னையடி. கோகுலாஷ்டமிக்கு அங்கே வழுக்குமரம் ஏறுவார்கள். மரம் முழுக்க விளக்கெண்ணெயும் கற்றாழைச் சோறும் கேழ்வரகுக் கூழும் பூசியிருக்கும். உச்சியில் வெண்ணெய்க் குடம் தொங்கும். ஒருவன் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்க, அவன் தோளில் ஒருவன், அவன் தோளில் ஒருவன் என்று நாலு ஆள் ஏறி, உச்சியில் நிற்பவன் குடத்தை உடைக்க வேண்டும். கோயிலில் விளக்கு வைப்பதற்குள் உடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான்.

ஏறுகிறவர்கள் மேல் ஊரே தண்ணீர் ஊற்றும். மாமன் மகள் என்றால் ஒரு வாளி கூடுதல்.

புன்னையடிக்கு என்று ஒரு தனி வழக்கமும் உண்டு. மரத்துக்கு எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு சதுரக் கல். கூவுகல் என்று பெயர். அதன்மேல் நின்று கூவுகிறவன்தான் தலைவன். "சிங்கமே, ஏறு! புலியே, பிடி! உன்னால முடியும்லே!" என்று அவன் கூவக் கூவத்தான் மற்றவர்களுக்குத் தெம்பு வரும் என்று அந்த ஊரில் நம்பிக்கை.

வடமலையின் தாத்தா நின்ற கல். அப்பா நின்ற கல். இப்போது வடமலை நிற்கிறான்.

அவன் தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை அவன் வயலில் நின்று "எலேய்!" என்று கூவினான். ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டி, விசில் ஊதியாச்சு என்று நினைத்துப் புறப்பட்டுப் போய்விட்டது. கார்டு பின்னாலேயே ஓடினார். பாவம், அவருக்கு மூட்டுவலி வேறு.

அப்பேர்ப்பட்ட தொண்டை இருந்தும், அவன் தலைவனான நாளிலிருந்து ஒரு வருஷமாவது குடம் உடைந்ததா என்றால், இல்லை.

"கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்கம்மா" என்றான் வடமலை. "உடையாத குடத்துக்கு வருஷா வருஷம் வெண்ணெய் வாங்கிக் கட்டுபடியாகலையாம். இந்தத் தடவையும் உடைக்கலைன்னா மரத்தைப் பக்கத்து ஊர்க் கோட்டைமேட்டுக்காரனுக்குக் குடுத்துருவாங்க. அங்க போயி நான் ஓரமா நின்னு தண்ணி ஊத்தணும். எங்க தாத்தா நட்ட மரம்மா! நான் தலைவனா இருக்கிறப்ப போச்சுன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டீக்கடைப் பக்கம் போவேன்?"

"குடிக்காம இருங்க. டீ பித்தம்."

"அம்மா!"

"பயலுக என்ன செய்றாங்க?"

"ஏறுறாங்க. விழுறாங்க. அந்தப் பால்வண்ணன் இருக்கானே, தையல்காரன், ஈரத்துண்டு எடைதான் இருப்பான், அவன்தான் உச்சி ஆளு. வருஷா வருஷம் குடத்துக்கு ஒரு முழம் கீழ போயி நின்னுருவான். கையை நீட்டினாப் போதும். நீட்ட மாட்டான். நடுங்குவான். அப்புறம் சர்ருனு வழுக்கிக்கிட்டு வந்துருவான். ஏம்லேன்னு கேட்டா, ஏதோ ஒண்ணு அண்ணாச்சிங்கான். ஏதோ ஒண்ணுன்னா என்னம்மா அர்த்தம்?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"நானா? உயிரக் குடுத்துக் கூவுவேன்."

"கூவுங்க, கேப்போம்."

வடமலை கூவினான்.

குகைக்குள் இருந்த வௌவால்கள் அத்தனையும் வெளியே வந்தன. வெயிலைப் பார்த்தன. வடமலையைப் பார்த்தன. முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டன.

சள்ளையம்மாளின் மோர்ச்சட்டியில் ஒரு கீறல் விழுந்தது.

அவள் சட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"சள்ளை. அந்தா குடம் இருக்கு. சுனையில மொண்டு தலையில வச்சுக் கொண்டாங்க."

ஞானம் ஏதோ வரப்போகிறது என்று வடமலை குடத்தை எடுத்தான். விளிம்பு வரை மொண்டான். தலையில் வைத்து அடிமேல் அடி வைத்து வந்தான்.

பாதி வழியில் சள்ளையம்மாள் கூவினாள்.

"அண்ணாச்சி! சிங்கமே! உங்களால முடியும்!"

வடமலை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். குடத்துத் தண்ணீர் அவன் முதுகு வழியாக இறங்கியது.

"திரும்பவும்" என்றாள்.

திரும்பவும் மொண்டான். திரும்பவும் வந்தான்.

"புலியே!"

திரும்பவும் நனைந்தான்.

"நீங்க கூப்பிடுறீங்க, நான் பாக்குறேன்! கூப்பிட்டா பாக்காம என்ன செய்ய?" என்று கத்தினான்.

"ஆமா. கூப்பிட்டேன்" என்றாள். கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

வடமலை ஈர வேட்டியோடு அங்கேயே நின்றான். அவள் வேறு எதுவும் சொல்கிற மாதிரி தெரியவில்லை. சொட்டச் சொட்ட மலையிறங்கினான்.

பாதி மலையில் அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

பயிற்சி!

மறுநாள் காலையில் அவன் ஆட்கள் எல்லாரும் தலையில் குடத்தோடு தெருவில் நின்றார்கள். பால்வண்ணன் நின்றான். டீக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகள் மாடசாமியும் சுடலையும் நின்றார்கள். எப்போதும் அடியில் நிற்கிற, கதவு அகலத்துக்கு நெஞ்சுள்ள ஊர்க்காவலனும் நின்றான். அவன் தலையில் மட்டும் பித்தளைக் குடம்.

"நடங்கலே! சிங்கங்களா! அண்ணாந்து பாருங்க, நெஞ்சை நிமித்துங்க! ஊர்க்காவலா, ஆனை மாதிரி வாடே!"

ஊர்க்காவலன் அண்ணாந்து பார்த்தான்.

புன்னையடியில் அந்த வாரம் உடையாத மண்குடம் ஒன்றுகூட இல்லை. பெண்கள் விளக்குமாறோடு வடமலை வீட்டு வாசலில் நின்றார்கள். ஊர்க்காவலனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வேப்பெண்ணெய்ப் பற்றுப் போட்டு, துண்டைச் சுற்றி, சாலையைக் கடக்கும்போதுகூட முழு உடம்போடு திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

வெள்ளோட்டம் பார்த்தார்கள். எண்ணெய் பூசாத மரத்திலேயே விழுந்தார்கள்.

வடமலை மறுபடி மலையேறினான். இந்த முறை ஒவ்வொரு படியிலும் ஒரு வசவு.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்!"

"நான் என்ன சொன்னேன்?"

"குடம் தூக்கச் சொன்னீங்க."

"உங்களைத் தூக்கச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா!"

சள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கடைசிப் புடவையை நினைத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அண்ணாச்சி, கூவுறப்ப எங்க நிப்பீங்க?"

"கூவுகல்லு மேல."

"அங்க நின்னா என்ன தெரியும்?"

"எல்லாப் பயலும் தெரிவான். எல்லாருக்கும் நான் தெரிவேன்."

"மேல தட்டையா இருக்குமா?"

"எது?"

"கல்லு."

"நல்லாத் தட்டையா இருக்கும். மூணு தலைமுறை நின்ன கல்லும்மா. வழவழன்னு இருக்கும்."

"கொண்டாங்க."

"எதை?"

"கல்லைத்தான். எங்கிட்ட அம்மி இல்ல."

வடமலைக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவன் வாழ்க்கையிலேயே அது முதல் தடவை. கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட என்ன ஆச்சு என்று நிமிர்ந்து பார்த்தன.

"அது எங்க தாத்தா நின்ன கல்லும்மா! தலைவன் கல்லு! அதைக் கொண்டாந்தா குடம் உடையுமா?"

"துவையல் அரைக்கலாம்."

"மரம் எங்க ஊரிலேயே நிக்குமா?"

"தேங்காயும் நல்லா அரைபடும்."

"நீங்கள்லாம் ஒரு சாமியாரா?" என்று கேட்டுவிட்டான் வடமலை.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றாள்.

இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினான். மூன்று நாள் டீக்கடையில் உட்கார்ந்து அவளைத் திட்டினான். திட்டத் திட்ட ஒன்று புரிந்தது. வேறு போக்கிடம் இல்லை. கமிட்டியிடம் கெஞ்சியாகிவிட்டது. பயல்களிடம் கத்தியாகிவிட்டது. திருவிழா வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம். ஊரே சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. வடமலை கல்லைப் பெயர்த்தான்.

இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கல். ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றினான். அவன் மிதித்த இடத்தில் எல்லாம் பாதை குழிந்தது. அந்தக் குழிகளில் இன்றைக்கும் மழைத்தண்ணீர் நிற்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம். போகிற வழியெல்லாம் கல்லோடு சண்டை போட்டுக்கொண்டே போனான்.

"உம்மேல நின்னு நான் கண்டது என்ன? சொல்லு! தொண்டை போனதுதான் மிச்சம்!"

கல் பதில் சொல்லவில்லை. அதன் இடத்தில் நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

குகை வாசலில் தொப்பென்று போட்டான். சள்ளையம்மாள் கல்லைத் தடவிப் பார்த்தாள். கழுவினாள். சுனையோரத்தில் கிடந்த உருளைக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நாலு மிளகாய், கொஞ்சம் புளி, ஒரு மூடித் தேங்காய். அரைக்கத் தொடங்கிவிட்டாள்.

வடமலை பார்த்துக்கொண்டே நின்றான். தாத்தாவின் வலது கால் நின்ற இடத்தில் புளி நசுங்கியது.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"உப்பு எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தான். ஒரு வாய் துவையல் கையில் வைத்தாள். நாக்கில் வைத்ததும் எரிச்சலையும் மீறி அவன் முகம் மாறியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இறங்கிவிட்டான்.

கோகுலாஷ்டமி வந்தது.

காலையிலேயே கமிட்டித் தலைவர் ராமானுசம் தலையில் அடித்துக்கொண்டார்.

"கூவுகல்லைக் காணோம்! கோட்டைமேட்டுப் பயலுக வேலைதான்! ஏ வடமலை, கல்லைக் காணோம்வே!"

"ஆமா, என்ன அநியாயம்!" என்றான் வடமலை. குனிந்து தோளில் இருந்த சிராய்ப்பின்மேல் துண்டை இழுத்து விட்டுக்கொண்டான்.

சாயங்காலம் மரம் ஏறுகிற நேரம் வந்தது. கல் இல்லாமல் அவனுக்கு நிற்க இடமில்லை. கூட்டத்துக்குள் நின்றான். பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஏய்யா, மறைக்காதே" என்றாள். ஒரு பீப்பாய் மேல் ஏறினான். பீப்பாய் உள்வாங்கிவிட்டது. இடுப்பு வரை உள்ளே போனவனை இரண்டு பேர் இழுத்து எடுத்தார்கள். கோட்டைமேட்டுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்தை இப்போதே அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் இன்னொரு இடி.

"அடியில யாரு நிக்கிறது?" என்றான் மாடசாமி.

எல்லாரும் ஊர்க்காவலனைப் பார்த்தார்கள். ஊர்க்காவலன் முழு உடம்போடு திரும்பினான். கழுத்தில் துண்டு.

"நான் மாட்டேன் அண்ணாச்சி."

"சிங்கம் மாதிரி இருந்துக்கிட்டு..."

"சிங்கத்துக்குக் கழுத்து பிடிச்சிருக்கு. வருஷா வருஷம் இதே கதை. கீழ நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். 'ஊர்க்காவலா, ஆனையே'ம்பீங்க. நான் அண்ணாந்து பாப்பேன். மூக்குல தண்ணி போகும், கண்ணுல மாடசாமி பெருவிரல் போகும். அப்புறம் யாரு நிக்கிறது?"

"அப்ப யாருலே நிக்க?"

ஊர்க்காவலன் வடமலையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். மேலும் கீழும் கழுத்தை ஆட்ட முடியாததால், அதற்கு அவன் முழங்காலை மடக்க வேண்டியிருந்தது.

"உங்க தோளு இருக்குல்லா?"

"நான் தலைவன்லே!"

"சரி, தலைவரே, பொழுது சாயுது."

சுடலை சிரித்தான். மாடசாமி சிரித்தான். வடமலைக்கு வந்த கோபத்தில் துண்டை உருவி எறிந்தான். யாரையோ அடிக்கப் போகிறான் என்று கூட்டம் விலகியது. அவன் நேராகப் போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏறித் தொலைங்கலே!"

மாடசாமி ஏறினான். அவன்மேல் சுடலை. அவன்மேல் பால்வண்ணன்.

தண்ணீர் கொட்டியது. வாளி வாளியாக. வடமலைக்கு மரத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேலே என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. அண்ணாந்தான். "சிங்க..." என்று வாயைத் திறந்தான்.

ஒரு கை கற்றாழைச் சோறு வாய்க்குள் போனது. மாடசாமியின் பெருவிரல் கண்ணுக்குள் போனது.

நாலு பேரும் குவியலாகக் கிடந்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஊர்க்காவலனின் குரல் வந்தது. "எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

வடமலை துப்பினான். துப்பிக்கொண்டே இருந்தான். ஏனோ அந்தச் சுனைத் தண்ணீர் முதுகில் இறங்கியது ஞாபகம் வந்தது.

எழுந்தான். மரத்தைக் கட்டிப்பிடித்தான். நெற்றியை மரத்தில் பதித்தான். வாயை மூடிக்கொண்டான்.

"ஏறுங்க" என்று பல்லுக்குள் சொன்னான்.

மாடசாமி. சுடலை. பால்வண்ணன்.

கோயிலில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைமேட்டுக்காரர்கள் கைதட்டி எண்ண ஆரம்பித்தார்கள்.

வடமலைக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்கு எதிரே எண்ணெய். காதில் தண்ணீர். தோளில் மட்டும் எல்லாம் தெரிந்தது. மாடசாமி இடது காலில்தான் அதிகம் ஊன்றுவான். சுடலை மூச்சு விட்டால் குதிகால் அசையும். இத்தனை வருஷமாக அவன் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள்தான். இது எதுவும் அவனுக்கு இதுவரை தெரியாது.

அப்புறம் உச்சியிலிருந்து ஒரு நடுக்கம் இறங்கியது.

சுடலை வழியாக, மாடசாமி வழியாக, கொடியில் காயும் வேட்டியில் காற்று போகிற மாதிரி இறங்கி வந்து வடமலையின் தோளில் நின்றது. பால்வண்ணன் குடத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கிறான். ஏதோ ஒண்ணு.

வடமலையின் கால்களும் ஆட ஆரம்பித்தன. போச்சு, அவ்வளவுதான், இன்னும் ஒரு நொடி, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக அதைத்தான் நினைத்தான்.

மேலே பால்வண்ணன் ஏதோ சொன்னான். கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

சுடலை குனியாமல் கீழே சொன்னான். "அண்ணாச்சி இருக்காரான்னு கேக்கான்."

மாடசாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அண்ணாச்சி, இருக்கீங்களான்னு கேக்கான்."

வடமலையின் வாய் வரைக்கும் சிங்கம் வந்தது. புலி வந்தது. உன்னால முடியும்லே வந்தது.

"இருக்கேன்" என்றான்.

"இருக்காராம்லே" என்றான் மாடசாமி.

"இருக்காராம்" என்றான் சுடலை.

வடமலை தன் கால்களைக் கவனித்தான். ஆட்டம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை.

உச்சியில் ஒரு கை நீண்டது. அதை அவன் பார்க்கவில்லை. தோளில் எடை கொஞ்சம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

டமார்.

வெண்ணெய் அவன் தலையில் வந்து விழுந்தது. மணி அடித்தது. விளக்கு ஏறியது. கோட்டைமேட்டுக்காரர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள்.

ஊரே பால்வண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மாடசாமியைத் தூக்கினார்கள். சுடலையைத் தூக்கினார்கள். கழுத்துத் துண்டோடு நின்ற ஊர்க்காவலனைக்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கினார்கள். வடமலையை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் சேறும் வெண்ணெயுமாக மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு நாய் வந்து அவன் காதை நக்கியது.

கொஞ்ச நேரம் கழித்துப் பால்வண்ணன் தேடிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"லேய்" என்றான் வடமலை. "இன்னைக்கு மட்டும் என்னமோ கேட்டியே. முன்னாடியே கேட்டுத் தொலைச்சிருந்தா என்னலே?"

"வருஷா வருஷம் கேப்பேன் அண்ணாச்சி."

"கேட்டியா? எப்ப?"

"அங்க போயி நின்னதும். நீங்க 'சிங்கமே'ம்பீங்க."

வடமலை அவனை முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தன் தலையிலிருந்து கொஞ்சம் வெண்ணெயை வழித்து அவன் கையில் வைத்தான்.

இரண்டு பேரும் தின்றார்கள்.

அடுத்த வாரமே ராமானுசம் வந்துவிட்டார்.

"ஏ வடமலை, மரம் நம்ம ஊர்தான், சந்தோஷம். ஆனா கல்லு இல்லாத தலைவன் என்ன தலைவன்வே? அடுத்த வருஷம் எங்க நிப்பீரு? கல்லைக் கண்டுபிடிச்சே ஆகணும்."

வடமலைக்கும் அது சரி என்றுதான் பட்டது. மூன்று தலைமுறைக் கல். காரியம் முடிந்துவிட்டது, எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டுவிடலாம். கல்லைச் சுமக்க ஒரு தோள்துணியோடு மலையேறினான்.

சள்ளையம்மாள் கல்லின் முன்னால் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கொள்ளுத் துவையல். பூண்டு வாசம் சுனை வரைக்கும் வந்தது. கல்லின் நடுவில் இலேசாகக் குழி விழுந்திருந்தது.

"குடம் உடைஞ்சிட்டும்மா."

"சள்ளை. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"நான் கூவலையே!"

"அதான் கேட்டுச்சு."

அவன் பக்கத்தில் குந்தினான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. துணியை மடித்தான். பிரித்தான்.

"கமிட்டியில கேக்காங்க..."

அவள் உருளைக்கல்லை நிறுத்தினாள். கையை வழித்தாள். கல்லை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணாச்சி."

வடமலை கல்லைப் பார்த்தான். அதன்மேல் பாதி அரைபட்ட கொள்ளு கிடந்தது.

"அரைச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். கையை நீட்டி உப்பை எடுத்துக் கொடுத்தான்.

"அப்ப இருக்கட்டும்" என்றான்.

புன்னையடிக் கமிட்டி அந்தக் கல்லை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. ராமானுசம் கோட்டைமேட்டில் வீடு வீடாகக் கொல்லைப்புறம் பார்த்துவிட்டார். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். கதையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கல் இருக்கிற இடத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிடாதீர்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் நான் துவையலுக்கு எங்கே போவேன்?